பொன்னி சொன்ன மழை

பங்குனி மாதத்துப் பகல். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் சிவப்புச் சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தது. அதைச் சுற்றி நாங்கள் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். சம்மணம் வராத ஐரோப்பிய முழங்கால்கள் பல திசைகளில் நீட்டிக்கொண்டிருந்தன.

பொன்னியின் கையில் ஒரு கூழாங்கல் இருந்தது. கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

"குழந்தைகள் காப்பகத்தை இனிமேல் யார் நடத்த வேண்டும்? ஒரு பெயரைச் சொல்லுங்கள்" என்று அவரிடம் கேட்டிருந்தார்கள்.

பொன்னி தலையைக் குனிந்துகொண்டார். முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"மழை."

அந்த ஒரு சொல் என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையைப் போன வாரம் எழுதியதற்கு, 'நீங்கள் எப்போதுதான் நல்லவர்களைப் பற்றி எழுதுவீர்கள்?' என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்காகச் சொல்கிறேன். இந்த வாரம் முழுக்க நல்லவர்கள்தான்.

என் பதவியின் பெயர் பாலம்

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். தமிழ் அம்மாவிடமும் வாரப் பத்திரிகைகளிலும் கற்றது. கன்னடம் தெருவும் பள்ளிக்கூடமும் கொடுத்தது. இங்கிலீஷ் டைப் அடித்து அடித்து விரல் வழியாக ஏறியது. இந்த மூன்றும் தெரிந்த ஆளை மைசூர் யாதவகிரியில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் தேடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

போனேன். ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரர். ஐம்பது வயதிருக்கும். கதர் ஜிப்பா போட்டிருந்தார். சர்டிஃபிகேட் எதையும் கேட்கவில்லை. "எதைக் கண்டால் உனக்குக் கோபம் வரும்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்து, "பாக்கிச் சில்லறை தராத கண்டக்டர்" என்றேன்.

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

பிறருக்காகவே வாழ்வது என்று முடிவெடுத்தவர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து நடத்திய சங்கம் அது. 'வட்டம்' என்று பெயர். வட்டத்தில் மேல் கீழ் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கன்னடத்தில் 'வ்ருத்த' என்று எழுதி வாசலில் மாட்டினார்கள். கன்னடத்தில் வயசானவருக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். முதியோர் இல்லம் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். அவரைத் திருப்பி அனுப்புவது மனிதாபிமானமா என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதற்குள் மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

மேல் கீழ் இல்லாத இடத்தில் வேலைக்காரர் எப்படி இருக்க முடியும்? ஆகவே எனக்கு மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியைத் தரவில்லை. 'பாலம்' என்று தந்தார்கள். சம்பளத்துக்கும் சம்பளம் என்று பெயரில்லை, 'பகிர்வு'. ஒன்றாம் தேதியானால் அம்மா, "பகிர்வு வந்துருச்சாடி?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

வட்டம் செய்த முக்கியமான வேலை குழந்தைகள் காப்பகம். குவெம்பு நகரைத் தாண்டி அப்போது புதுப்புது லேஅவுட்டுகளாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரமாகக் குடிசை போட்டிருந்தன. பெரும்பாலும் கொள்ளேகால், ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். ஊரில் மழை பெய்யவில்லை, வந்துவிட்டார்கள். அந்தக் காலனிக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட். தாய்மார்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு சித்தாள் வேலைக்குப் போவார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து தூக்கிக்கொள்வார்கள்.

பொன்னி கௌதள்ளிக்காரர். வட்டத்தில் காலனிக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஹெல்கா ஆசைப்பட்டபோது தாய்மார்கள் அவரைத்தான் அனுப்பினார்கள். பயப்படாமல் பேசுவார், அதனால்.

ஐயா ஒழிந்த கதை

வட்டத்தில் எல்லாரும் சமம் என்பதால் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐயா, அம்மா, சார், மேடம் எல்லாவற்றுக்கும் தடை. ஒருவர் தன் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ அதுவே அவர் பெயர், அதை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஷெட்டில் ஒட்டியவர் கிரஹாம். இங்கிலாந்துக்காரர். புத்தகம் வாங்கித் தானாகவே தமிழ் படித்தவர். எதிரே வரும் சித்தாளிடம், "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்ப்பாள். நான் மைசூர்த் தமிழில், "வெயில் ஜாஸ்தி, அல்வா?" என்று, 'இல்லையா' என்பதற்குக் கன்னட வாலை ஒட்டிப் பேசுவதைப் பல நாள் கவனித்துவிட்டு, தமிழர்கள் எதைச் சொன்னாலும் கடைசியில் ஏன் இனிப்புக் கேட்கிறார்கள் என்று என்னிடம் விசாரித்தார்.

ஐயா போனதும் காலனிப் பெண்களுக்கு வாய் அடைத்துவிட்டது. கிரஹாம் என்று மொட்டையாகக் கூப்பிட அவர்களுக்கு மனம் வரவில்லை. கூப்பிடாமல் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? பக்கத்தில் வந்து நின்று இருமுவார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் விஷயத்தைச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் காலனிப் பெண்களிடையே இருமல் பரவியிருக்கிறது என்று அவர் கவலைப்பட்டு, மார்புச் சளிக்கு இலவச மருத்துவ முகாம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். டாக்டர் வந்து எல்லாரையும் சோதித்துவிட்டு, "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூழாங்கல்லுக்கு முன்னால் வட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது ஒரு கொட்டாங்குச்சி. உள்ளூர்ப் பொருளாக இருக்கட்டும் என்று தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். நம் ஊர்களில் கொட்டாங்குச்சியில் யாருக்கு டீ ஊற்றுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பொன்னிக்குத் தெரியும். முதல் நாள் அவர் அதை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் காரணத்தைச் சொன்னதும் ஹெல்கா அழுதுவிட்டார். அடுத்த வாரமே கொட்டாங்குச்சி போய்க் கல் வந்தது. சொன்னால் கேட்பவர்கள்தான். என்ன சொல்கிறோம் என்பது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆறடி குட்டி

காப்பகத்தை நடத்திவந்தவர் ஒரு பின்லாந்துக்கார நர்ஸ். கிட்டத்தட்ட ஆறடி உயரம். அவர் வாயால் பெயரைச் சொன்னால் 'மரி' என்று கேட்கும். கன்னடத்தில் மரி என்றால் குட்டி. யாதவகிரி வீட்டில் சமைத்த கன்னட அம்மாள், அண்ணாந்து பார்த்து, "பா மரி, ஊட்டா மாடு" என்று ஆசையாகச் சாப்பிடக் கூப்பிடுவார். தமிழில் மரி என்றால் செத்துப்போ என்று ஆகிவிடும். அதனால் காலனிக்காரர்கள் கொஞ்சம் நீட்டி மாரி ஆக்கிக்கொண்டார்கள். அம்மன் பெயர் கொண்ட வெள்ளைக்காரி என்று அவர்களுக்கு ஒரே பெருமை. பெயர் சொல்லிக் கூப்பிடும் விதியில் கூச்சமில்லாமல் ஓடியது இந்த ஒரு பெயர்தான்.

மாரி அதிகம் பேசமாட்டார். அவர் ஊரில் அப்படித்தானாம். பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது நட்பு. மைசூரில் ஏலக்காய் தாராளமாகக் கிடைப்பதில் அவருக்கு மகா சந்தோஷம். ஏலக்காய் இடித்துப் போட்டு இனிப்பு ரொட்டி சுடுவார். ஷெட்டுக்குள் நுழைந்தால் ராகிக் களி, ஈரத் துணி, ஏலக்காய் மூன்றும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றும் யாராவது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் எனக்கு அந்தத் தகர ஷெட்தான் ஞாபகம் வருகிறது.

பொன்னியின் மகள் துளசிக்கு அப்போது ஒன்றரை வயது. மாரி ஊட்டினால்தான் சாப்பிடுவாள். வேலையில்லாத ஞாயிறுகளில் பொன்னி ஷெட்டுக்கு வந்து மாரியின் பக்கத்தில் உட்கார்ந்து ராகி புடைப்பார். இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் பொன்னி ஒருநாளும் மாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பார். இல்லாவிட்டால் தோளைத் தொடுவார். "கிரகாமு" என்று விதிப்படி தைரியமாகக் கூப்பிட்டது காலனியிலேயே அவர் ஒருவர்தான். என்னை மட்டும் விதியை மீறி டீச்சர் என்பார். நான் டீச்சர் இல்லை.

ஒருநாள் மாரி என்னிடம், "அவளுக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"எல்லார் பெயரையும் சொல்கிறாள். என் பெயரைச் சொல்வதில்லை."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்படியெல்லாம் இருக்காது என்று சமாதானம் சொன்னேன்.

ஒருவர்தான் இருக்கலாம்

ஐரோப்பாவில் இருந்த தலைமை இடத்திலிருந்து தகவல் வந்தது. கிரஹாம், மாரி இருவரில் ஒருவர்தான் இனி மைசூரில் இருக்கலாம். இருப்பவர் காப்பகத்தை நடத்துவார். மற்றவர் ஊர் திரும்ப வேண்டும்.

கிரஹாமிடம் ஒரு திட்டம் இருந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை விளையாட்டு முறைக் கல்வி. கைக்குழந்தைகள் கிடையாது. நல்ல திட்டம்தான். அழகாகப் படம் போட்டு வைத்திருந்தார். மாரியிடம் திட்டம் எதுவும் இல்லை. இப்போது நடப்பதே நடக்கட்டும் என்றார்.

கைக்குழந்தைகள் கிடையாது என்றால் துளசி கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பொன்னிக்கு அந்த இடம் தெரியும். துளசிக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். காப்பகம் வருவதற்கு முன்னால், சுண்ணாம்பு நீற்றும் குழியோரம் விளையாடப் போய் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. கௌதள்ளியில் மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தான். பொன்னி இதை எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. செல்லம்மா என்று பக்கத்துக் குடிசைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வட்டம் பல நாள் கூடிப் பேசியது. ஒருமித்த முடிவு வரவில்லை. கடைசியில் ஹெல்கா, "இது காலனியின் காப்பகம். முடிவு காலனியுடையது. பொன்னி சொல்லட்டும். அவர் சொல்வதே கடைசி வார்த்தை" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்த நாள் அது. தாய்மார்கள் ஒன்றுகூடிப் பேசி, மாரிதான் வேண்டும் என்று ஒரே வாயாகச் சொல்லிப் பொன்னியை அனுப்பினார்கள்.

இதில் ஒரு சிறிய சிக்கல். ஒரே ஆள் எப்போதும் மொழிபெயர்த்தால் அதிகாரம் ஒரே இடத்தில் குவிகிறது என்று அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வட்டம் கண்டுபிடித்திருந்தது. ஆகவே மொழிபெயர்ப்பு முறைவைத்து மாறும். அன்றைக்குக் கிரஹாமின் முறை.

"போட்டியில் இருக்கிறவரே மொழிபெயர்க்கலாமா?" என்று கேட்டேன்.

"இங்கே யாரும் போட்டியிடவில்லை. பொறுப்பு வருகிறது, ஏற்கிறோம்" என்றார் ஹெல்கா. பாலம் வாயை மூடிக்கொண்டது.

நேர்மையான மொழிபெயர்ப்பு

"மழை" என்றார் பொன்னி.

கிரஹாம் முன்னால் குனிந்தார். "தாங்கள் மழை என்றா கூறினீர்கள்?"

"ஆமாங்க. மழைதானுங்க."

கிரஹாம் நேர்மையானவர். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ரெயின் என்கிறார்" என்றார்.

ஹெல்கா கண்ணை மூடிக்கொண்டார். பொன்னி வேலை முடிந்தது என்ற நிம்மதியில் கல்லை இடதுபுறம் கொடுத்துவிட்டு, சிரித்த முகமாகத் துளசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வலதுபுறத்தில் இருந்தேன். கல் சுற்றி வந்து என் கைக்குச் சேர்வதற்குள் அர்த்தம் சொல்லி முடித்திருந்தார்கள்.

மழையில்லாமல் ஊரை விட்டு வந்த பெண் மழையைச் சொல்கிறாள். ஷெட்டின் கூரை போன வருஷம் ஒழுகியது. குழந்தைகள் நனைந்தார்கள். ஆட்களை விட அந்தத் தாய்க்குக் கூரைதான் முக்கியம். கூரையைச் சரிசெய்வதாகப் பொறுப்பேற்றிருந்தவர் கிரஹாம். ஆகவே கிரஹாம்.

கல் என்னிடம் வந்தபோது, "அவர் ஏதோ வேறு சொல்ல வந்தார் என்று தோன்றுகிறது" என்றேன். என்னவென்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் வாயால் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்வது சரியில்லை என்று மென்மையாகச் சொன்னார்கள்.

மாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவருடைய பெட்டி திறந்தபடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மேல்கோட்டை பஸ்

அந்த ஞாயிறு மேல்கோட்டைக்கு உல்லாசப் பயணம் என்று முன்பே முடிவாகியிருந்தது. முடிவானதை மாற்றும் வழக்கம் வட்டத்தில் இல்லை. ஆகவே எல்லாரும் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி பஸ் ஏறினோம்.

மலை ஏறி இறங்கி, ஓர் ஐயங்கார் வீட்டில் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வீட்டு மாமி தன் பழைய தமிழில் மாரியிடம், "ஆத்துக்காரர் வரலியா?" என்று விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். மாரி, தனக்கு ஆத்துக்காரர் இல்லை என்றார். மாமி, "ஐயோ பாவம்" என்று இன்னும் கொஞ்சம் புளியோதரை வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கிரஹாம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கணவர் என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்த அம்மா ஏன் அதைச் சொல்லவில்லை?" என்றார்.

"அவர்கள் ஆத்துக்காரர் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா. காலனியில் எங்கூட்டுக்காரர். பெயரை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பயம். பெயரைப் போல ஒலிக்கிற சொல்லைக்கூடச் சிலர் தொடமாட்டார்கள். எங்கள் அப்பா பெயர் சீனிவாசன். அம்மா ஒருநாளும் சீனி என்று சொன்னதில்லை. மைசூரில் எல்லாரும் சக்கரே என்பதால் அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று. பெயருக்குப் பதில் அதே அர்த்தத்தில் வேறு சொல்லை..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பொன்னியின் கணவரைக் காலனியில் எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயர் என்ன?

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் காலனிக்கு ஆட்டோ பிடித்தேன்.

செல்லம்மாவின் வாய்

பொன்னி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"ஒம்போதுல இருந்து பன்னெண்டாமா டீச்சர்? கைக்கொழந்தைக்கு எடமில்லையாமா? நாந்தான் சொல்லிட்டு வந்தனே. பின்ன எதுக்குங்க எங்கள வரச்சொல்லிக் கேட்டாங்க?"

"நீங்க மழைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"எந்த மழை?"

"நம்ம மழைதானுங்க. எம்புள்ளைக்குச் சோறு ஊட்றாங்களே, அந்த மழை."

நான் அங்கேயே ஒரு செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டுமே. "உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்க?"

பொன்னி பக்கத்துக் குடிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்லம்மக்கா, டீச்சர் கேக்கறாங்க, எங்கூட்டுக்காரரு பேரச் சொல்லுக்கா."

செல்லம்மா அரிசி களைந்த கையோடு எட்டிப் பார்த்தார். "மாரிமுத்துங்க. ஊருல மாரின்னு கூப்புடுவாங்க."

"மாரின்னா மழைதானுங்களே" என்றார் பொன்னி. "படிச்ச நீங்கல்லாம் இருக்கறீங்க. புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சனுங்க."

விசேஷக் கூட்டம்

மறுநாள் காலை ஹெல்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்கள் கலங்கின. நான் நிம்மதியானேன். அது தப்பு.

கூட்டம் கூடியது. காப்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெண் தன் கணவனின் பெயரைச் சொல்லக்கூட உரிமை இல்லாமல் இருக்கிறாளே, இந்த அடிமைத்தனத்துக்கு வட்டம் துணை போகலாமா என்று பேசினார்கள். உள்ளூர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். பெண்ணை மதிக்க வேண்டும் என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் மிக அழகாகப் பேசின. மாரி அன்று ஷெட்டில் பிள்ளைகளோடு இருந்தார். முடிவு இது: எடுத்த முடிவை மாற்றலாம். ஆனால் பொன்னியே வந்து, தன் வாயால், பெயரைச் சொல்லி மாற்ற வேண்டும். அதற்கான தைரியத்தை வட்டம் அவருக்குக் கொடுக்கும்.

பொன்னி அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். இடுப்பில் துளசி. இந்த முறை மாரியும் இருந்தார். மொழிபெயர்க்க என்னை விட்டார்கள்.

ஹெல்கா பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே. நாங்கள் எல்லாரும் உன்னோடு இருக்கிறோம். ஒரு பெயர் யாரையும் கொல்லாது. சொல்."

நான் சொன்னேன். பொன்னி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"அவிய இப்ப மூணாவது மாடியில சாரத்து மேல நின்னு பூசிட்டிருக்கறாங்க" என்றார். "இந்த நேரத்துல. கீழ சொகமா உக்காந்துட்டு நான் பேரச் சொல்லோணுமா?"

சாரம் என்றால் மூங்கிலும் கயிறும் கட்டி நிற்கிற பரண் என்று விளக்கினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரும் முடிவை மாற்றவில்லை.

பொன்னி கல்லைத் தரையில் வைத்தார். யாரிடமும் கொடுக்கவில்லை. துளசியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். "அப்ப எம்புள்ளைய நானே வேலைக்குத் தூக்கிட்டுப் போய்க்கறனுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கல்லை எடுத்து யார் மேலாவது எறிந்திருப்பேன். கண்டக்டர் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் கல்லை எடுத்தது மாரி. கூட்டத்தில் அவர் தானாகக் கல்லை எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

"அன்றைக்கு அவள் சொன்ன சொல் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"மழை."

"அது நானா?"

"நீங்கள்தான்."

"மலை" என்று சொல்லிப் பார்த்தார். அவர் உயரத்துக்கு அதுவும் பொருத்தம்தான். "மளை." பொன்னி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "ழ" என்று நாக்கை மடித்துக் காட்டினார். மாரி நாக்கை மடித்தார். வரவில்லை.

மாரி எங்களைப் பார்த்து, "ஒருவர் தன் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ அதுவே அவர் பெயர். அது நம் விதி" என்றார். "என் பெயர் அதுதான். அவள் சொன்னது."

  பிறகு கிரஹாம் விதியை மீறிக் கல்லில்லாமலே பேசினார். "அப்படியானால் அன்றைக்கே பெயர் சொல்லியாகிவிட்டது. நான்தான் மொழிபெயர்த்தேன். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்." அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்திருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

காப்பகம் பழையபடி எட்டிலிருந்து ஆறு வரை நடந்தது. கைக்குழந்தைகளோடு. கிரஹாம் ஊருக்குப் போகுமுன் ஏணி வைத்து ஏறிக் கூரையைத் தானே சரிசெய்தார். அதற்குப் பிறகும் ஒழுகியது.

அடுத்த ஞாயிறு நான் ஷெட்டில் இருந்தேன். பொன்னி ராகி முறத்தோடு வந்து வாசலில் நின்று, "மழை, இந்த மொறத்தப் புடிங்க" என்றார். மாரி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. நான் காலனிப் பெண்கள் மாதிரி இருமிச் சமாளித்தேன்.

சிட்டி பஸ் ஸ்டாண்டு

வட்டம் பிறகு சில வருஷங்கள் இருந்தது. ஒரு விரிந்த கூட்டத்தில் ஒருமித்த முடிவாகக் கலைந்தது. மாரி ஊருக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் பனி மூடிய ஒரு படத்தின் பின்னால் இரண்டு வரி எழுதி அனுப்புவார். கீழே தமிழில் 'மழை' என்று கையெழுத்துப் போட்டிருக்கும். எழுதும்போது ழ சரியாகத்தான் வந்தது.

நானும் கல்யாணம், குழந்தை, பேங்க் வேலை என்று வேறு பக்கம் போய்விட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயந்திரம் சிட்டி பஸ் ஸ்டாண்டில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் உண்டு.

பொன்னி. தூறலுக்காகத் தலையில் முக்காடு போட்டிருந்தார். பக்கத்தில் வளர்ந்த பெண்ணொருத்தி. துளசியாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையாம். "நமஸ்கார ஆன்ட்டி, சென்னாகிதீரா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்தாள். ஏலக்காய் ரொட்டி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். ஞாபகம் இல்லை.

ஹனூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. பொன்னி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிறபோக்கில், இயல்பாகக் கேட்டார்.

"மாரி நல்லா இருக்கறாங்களாங்க டீச்சர்?"

"நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் வாயிலிருந்து வந்த பெயர் காதில் விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"எப்போங்க?" என்றேன்.

"போன தையிலங்க" என்றார் பொன்னி. துளசி ஏறி இடம் போட்டுவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"சாரத்துல இருந்து உழுகலீங்க டீச்சர். காச்சல்லதான் போனாங்க."